சிரிப்பான் நான்காகிவிட்டது, ஷார்ட்விங் ஷோலாகிளி ஆகிவிட்டது: பள்ளிச் சுவரில் தமிழில் என்ன எழுதுவது?

மேல்மலை டீச்சர் கேட்கிறார்:

கொடைக்கானல் மேல்மலையில் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறேன். எங்கள் மலைப் பறவைகளைப் பள்ளிச் சுவரில் வரைந்து, கீழே தமிழில் பெயர் எழுதிக்கொண்டிருக்கிறோம். கொண்டைக்குருவி, தேன்சிட்டு, மரங்கொத்தி எல்லாம் சிரமமில்லாமல் முடிந்தது. இரண்டு பறவைகளில்தான் வேலை நின்றுபோயிருக்கிறது.

முதலாவது, வீட்டுத் தோட்டம் வரைக்கும் வரும் பறவை. வெள்ளைப் புருவம், சாம்பல் மார்பு, செம்பழுப்பு வயிறு. ஒன்று கத்த ஆரம்பித்தால் கூட்டமே சேர்ந்து கத்தும். பள்ளியில் உள்ள ஒரு பழைய ஆங்கிலக் கையேட்டில் இதற்கு கிரே-பிரெஸ்டட் லாஃபிங்த்ரஷ் என்று பெயர். அதற்குப் பிறகு வந்த ஒன்றில் கேரளா லாஃபிங்த்ரஷ். செல்போன் செயலியில் பழனி லாஃபிங்த்ரஷ். போதாததற்கு ஒரு கட்டுரையில் பழனி சிலப்பன் என்று படித்தேன். நான்கும் ஒரே பறவைதான் என்று புரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச நாள் ஆனது.

இரண்டாவது, சோலைக்குள் தரையோரமாகத் திரியும் நீலநிறக் குட்டிப் பறவை. வயிறு வெள்ளை. இதற்கு முதலில் ஷார்ட்விங், அப்புறம் ப்ளூ ராபின், இப்போது ஷோலாகிளி. கடைசிப் பெயர் நம் பெயர் போலவே இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டு, பிள்ளைகளிடம் "சோலைக்கிளி வரையுங்கள்" என்றேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பச்சை உடம்பும் சிவப்பு மூக்குமாக அழகான கிளி ஒன்றை வரைந்து வந்தான். அவன் மேல் தப்பே இல்லை. கிளி என்றால் கிளிதானே.

என் கேள்விகள்: பெயர் ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது? ஆங்கிலத்தில் இதை யார் முடிவு செய்கிறார்கள்? தமிழுக்கு அப்படி யாராவது இருக்கிறார்களா? சுவரில் பெயின்டில் எழுதப் போகிறோம். அடுத்த வருடம் இன்னொரு பெயர் வந்தால் அழித்து எழுத முடியாது.

---

கோவைச் சோலையன்:

டீச்சர், நீங்கள் சொன்ன இரண்டு பறவைகளும் எனக்கு உயிர். அதனால் பதில் நீளும்.

பெயர் மாறியதற்குக் காரணம் நிலத்தில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை நமக்குத் தொடர்ச்சியாகத் தெரிந்தாலும், உச்சிச் சோலையில் மட்டுமே வாழும் பறவைக்கு அது தொடர்ச்சி இல்லை. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே பாலக்காட்டுக் கணவாய், முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலம். எங்கள் கோவைக்குக் காற்று வருவதே அந்த வழியாகத்தான். தெற்கே இன்னொன்று, செங்கோட்டைக் கணவாய். அது ஏழு கிலோமீட்டர்தான் அகலம், ஆனால் கீழே இறங்கிப் பழகாத பறவைக்கு அதுவும் கடல்தான். ஆயிரம் மீட்டருக்கு மேலே, குளிர்ந்த ஈரச் சோலையில் வாழும் இந்த நீலப்பறவை வெயில் காயும் பள்ளத்தாக்கைக் கடந்து அக்கரை மலைக்குப் போவதில்லை. கணவாய்க்கு இருபுறமும் உள்ளவை லட்சக்கணக்கான வருடங்களாக ஒன்றோடொன்று கலக்காமலே இருந்திருக்கின்றன. கலக்காமல் இருந்தால் நிறம் மாறும், பாட்டு மாறும், மரபணு மாறும்.

சிரிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். (தமிழில் லாஃபிங்த்ரஷுக்குச் சிரிப்பான் என்பது பறவை பார்ப்பவர்களிடம் நன்றாகவே பழகிவிட்ட பெயர்.) முன்பெல்லாம் தென்னிந்திய மலைகளுக்கு இரண்டே இனம் என்று எழுதினார்கள். நீலகிரியில் ஒன்று, மற்ற மலைகளில் எல்லாம் சேர்த்து இன்னொன்று. அந்த இரண்டாவதுதான் உங்கள் பழைய கையேட்டின் கிரே-பிரெஸ்டட். இப்போது அதுவே மூன்றாகிவிட்டது. வயநாட்டின் பாணாசுர மலையிலும் அதற்கு வடக்கே குடகு எல்லையிலும் இருப்பது ஒன்று. பழனி மலை, ஆனைமலை, மூணாறு, ஏலமலை வரை இருப்பது உங்களுடையது. செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் இருப்பது மூன்றாவது, அதன் வெண்புருவம் உங்களுடையதை விடக் குட்டை. நீலகிரிச் சிரிப்பானையும் சேர்த்தால் மொத்தம் நான்கு.

நீலப்பறவையின் கதை இன்னும் சுவாரசியம். நெடுங்காலம் அது வெண்வயிற்று ஷார்ட்விங் என்ற ஒரே இனம். 2005-ல் பமீலா ராஸ்முசனும் ஜான் ஆண்டர்டனும் தெற்காசியப் பறவைகளுக்கான கையேட்டில் அதை இரண்டாகப் பிரித்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பதற்கு விலாவும் அடிவயிறும் செம்பழுப்பு. தெற்கே இருப்பதற்கு, அதாவது உங்களுடையதற்கு, நீலச் சாம்பல் விலா, வெள்ளை வயிறு. கூடவே, இவை ஷார்ட்விங்கே இல்லை என்று சொல்லி ப்ளூ ராபின்களோடு சேர்த்தார்கள். அப்புறம் பறவை ஆய்வாளர் வி. வி. ராபினும் அவருடைய குழுவினரும் மலை மலையாகப் போய்ப் பாட்டைப் பதிவு செய்து, ரத்தத் துளி எடுத்து மரபணுவும் பார்த்தார்கள். 2017-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, இவை ராபினும் இல்லை என்றது. நீல ஈப்பிடிப்பான்களின் உறவு, அதிலும் தனிப் பேரினம். அதற்கு ஷோலிகோலா என்று பெயர் வைத்தார்கள், சோலையில் வாழ்வது என்று பொருள். நம் நான்கு சிரிப்பான்களும் இமயமலைச் சிரிப்பான்களோடு சேராமல் தனியாகக் கிளைத்தவை என்றும் அதே கட்டுரைதான் காட்டியது. அவற்றின் பேரினம் மான்டெசின்க்லா ஆனது. இரண்டு பேரினங்களும் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. இதை உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். பள்ளி வேலிக்கு வரும் பறவையின் முழுப் பேரினமும் இந்த மலைகளுக்கு மட்டுமே சொந்தம்.

இனி பெயருக்கு வருகிறேன். அறிவியல் பெயருக்குக் கறாரான சட்டம் உண்டு, முதலில் விவரித்தவர் வைத்த பெயரே நிற்கும். நீலகிரிச் சிரிப்பானுக்கு பறவைகளை ஆராய்ந்த வெள்ளைக்கார டாக்டர் ஜெர்டன் 1839-ல் வைத்த கச்சினன்ஸ் இன்னும் அப்படியே இருக்கிறது, பேரினம்தான் மாறிக்கொண்டிருக்கிறது. உங்கள் பறவையின் ஃபேர்பேங்கி என்ற பெயரும் அப்படித்தான். அந்தக் காலத்தில் பழனி மலையில் பறவை சேகரித்த அமெரிக்க மிஷனரி ஃபேர்பேங்கின் நினைவாக வைத்தது. ஆங்கிலப் பொதுப்பெயருக்கு இப்படிச் சட்டம் கிடையாது, வழக்கம்தான். வட அமெரிக்காவுக்கு அமெரிக்கப் பறவையியல் கழகத்தின் குழு உண்டு. உலகம் முழுமைக்கும் பன்னாட்டுப் பறவையியலாளர் பட்டியல், பறவைப் பதிவுகள் போடும் இணையதளமான இ-பேர்ட் பின்பற்றும் கிளமென்ட்ஸ் பட்டியல் என்று தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. எல்லாவற்றையும் ஒன்றாக்கும் முயற்சியாக 2025 ஜூனில் ஏவிலிஸ்ட் என்ற பட்டியல் வந்தது, அதில் 11,131 இனங்கள். இந்தியாவுக்கென்று பிரவீண், ஜெயபால், பிட்டி மூவரும் 2016-ல் வெளியிட்ட பட்டியல் இருக்கிறது, அதைத் தொடர்ந்து திருத்தியும் வருகிறார்கள்.

ஓர் இனம் பிரியும்போது பழைய பெயரை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் இந்தக் குழுக்களுக்குப் பெரிய தலைவலி. பொதுவான வழக்கம், பிரிந்த இரண்டில் எதற்கும் பழைய பெயரைக் கொடுக்காமல் இரண்டுக்கும் புதுப்பெயர் வைப்பது. ஏனென்றால் பழைய புத்தகத்தில் அந்தப் பெயரைப் படிப்பவருக்கு எதைச் சொல்கிறார்கள் என்று குழப்பம் வரும். அமெரிக்காவில் 2016-ல் மேற்கத்திய ஸ்க்ரப்-ஜேயைப் பிரித்தபோது ஒன்று கலிஃபோர்னியா, மற்றது உட்ஹவுஸ் என்று ஆகி, மேற்கத்திய என்ற பெயரே போய்விட்டது. ஆனால் ஒன்று உலகம் முழுக்கப் பரவியும் மற்றது ஒரு மூலையில் மட்டும் இருந்தால், பரவியிருப்பதற்கே பழைய பெயரை விட்டுவிடுவார்கள். இந்த வழக்கம் எனக்குப் பிடிக்கும். படிப்பவரை நினைத்துச் செய்தது.

தமிழுக்கு அப்படிக் குழு எதுவும் கிடையாது. நானும் நீங்களும் எழுதி எழுதித்தான் பெயர் நிற்கிறது. அதனால் கவனமாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

என் கருத்து இதுதான். இந்த நீலப்பறவையின் பெயர்களைத் திரும்பப் பாருங்கள். ஷார்ட்விங் என்றது உறவுமுறையை வைத்து, தப்பாகப் போனது. ராபின் என்றதும் உறவுமுறையை வைத்து, அதுவும் தப்பானது. நாளைக்கு இன்னொரு ஆய்வு வந்தாலும் மாறாதது எது? அது சோலையில் வாழ்கிறது என்பது. வயிறு வெள்ளை என்பது. ஆகவே உறவைச் சொல்லும் பெயரை விட்டு, இருப்பிடத்தையும் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தையும் சொல்லும் பெயரை வையுங்கள். ஷோலாகிளி என்று ஆங்கிலத்தில் வைத்தவர்கள் இதையே யோசித்திருக்கிறார்கள். மலையாளத்தில் கிளி என்றால் எந்தச் சின்னப் பறவைக்கும் பொருந்தும். தமிழில் பொருந்தாது, உங்கள் மாணவன் வரைந்த படமே சாட்சி. நான் வெண்வயிற்றுச் சோலைச்சிட்டு என்று எழுதி வருகிறேன். நீலகிரியில் இருப்பதற்கு நீலகிரிச் சோலைச்சிட்டு. சிட்டு என்றால் சின்னப் பறவை, அதற்கு மேல் அது எந்த உறவையும் சொல்லவில்லை.

சிரிப்பானுக்கு பழனிச் சிரிப்பான் போதும். சிலப்பன் வேண்டாம் என்பேன். அது மலையாளத்தில் நல்ல பெயர்தான், ஆனால் தமிழில் ஏற்கெனவே சிலம்பன் என்ற பெயரைக் காட்டுச் சிலம்பன், புள்ளிச் சிலம்பன் என்று வேறு பறவைகளுக்குக் கொடுத்துவிட்டோம். ஒரே எழுத்து வித்தியாசத்தில் இரண்டு பறவைகளைப் பிள்ளைகள் தலையில் ஏற்ற வேண்டுமா? உலகப் பட்டியல்களும் ஷோலாகிளியை ஏற்றுக்கொண்டன, சிலப்பனை எடுக்காமல் லாஃபிங்த்ரஷ் என்றே தொடர்கின்றன.

கேரளா என்ற பெயர் ஏன் நிற்கவில்லை என்பதற்கு உங்கள் பள்ளியே பதில். பழனி மலையில் கூட்டம் கூட்டமாகத் திரியும் பறவைக்கு கேரளா என்று பெயரிருந்தால், திண்டுக்கல் மாவட்டத்துப் பிள்ளை அதைத் தன் பறவை என்று எப்படி நினைக்கும்?

ஒரு விஷயம் உங்களை நிம்மதியாக்கும். உலகத்தில் நடக்கும் பெரும்பாலான பிரிப்புகளுக்குத் தமிழில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. கூகையை மூன்று இனமாகப் பிரித்து, நம் நாட்டில் இருப்பதை கிழக்கத்தியது என்கிறார்கள். நம் ஊரில் இருப்பது அது ஒன்றுதான், ஆகவே கூகை கூகையாகவே இருக்கட்டும். உண்ணிக்கொக்கும் அப்படித்தான். 2023-ல் இ-பேர்ட் அதைக் கிழக்கு, மேற்கு என்று பிரித்தது. நம்முடையதன் அறிவியல் பெயர் கோரமாண்டா, 1783-ல் நம் சோழமண்டலக் கரையை வைத்தே வந்த பெயர். ஆனாலும் வயலில் மாட்டின் பின்னால் போகும் பறவையை உண்ணிக்கொக்கு என்று சொன்னால் யாருக்கும் குழப்பம் வராது. கண்கிலேடியும் இந்தியத் தனி இனமாகிவிட்டது, பெயரைத் தொட வேண்டாம். பிரிந்த பிள்ளைகள் இரண்டுமே நம் நிலத்தில் இருந்தால்தான் இரண்டு பெயர் தேவை.

---

மேல்கோதையாறு:

சோலையன் அண்ணன் சொன்னதில் முக்கால்வாசிக்குச் சரி என்பேன். விட்டுப்போன தெற்கு மூலையைப் பற்றிச் சொல்ல வேண்டும், நான் அந்தப் பக்கத்துக்காரன்.

செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே உள்ள சிரிப்பானுக்கு ஆங்கிலத்தில் அசம்பு லாஃபிங்த்ரஷ் என்று பெயர். சோலைச்சிட்டிலும் அங்கே ஒரு தனி வகை உண்டு, 2017 கட்டுரையில் அதைப் புதிய இனமாக விவரித்து ஆஷம்புயென்சிஸ் என்று பெயர் வைத்தார்கள். அது தனி இனமா, வெண்வயிற்றுச் சோலைச்சிட்டின் துணையினமா என்பதில் எல்லாப் பட்டியல்களும் ஒரே முடிவில் இல்லை. மேல் கோதையாற்றிலும் முத்துக்குளிவயலிலும் இரண்டையும் பார்க்கலாம். காலையில் மூடுபனி இருக்கும்போதே போனால் சோலையோரத்தில் சிட்டின் பாட்டுக் கேட்கும். நீளமான, இனிமையான விசில் பாட்டு. வெயில் ஏறினால் புதருக்குள் போய்விடும்.

அசம்பு என்ற பெயரைப் புத்தகத்தில் தவிர நான் அதிகம் கேட்டதில்லை. திருநெல்வேலி, தென்காசி ஆட்களிடம் பொதிகை என்று சொல்லுங்கள், கை தானாகவே மேற்கே நீளும். தாமிரபரணி பிறக்கும் மலை, அகத்தியர் மலை, குற்றாலச் சாரலின் மலை. ஆங்கிலப் பட்டியலில் அசம்பு இருக்கட்டும். தமிழில் பொதிகைச் சிரிப்பான் என்று வைத்தால் இங்குள்ள பிள்ளைக்கு ஒரே நொடியில் விளங்கும். ஆங்கிலப் பெயரை எழுத்துக்கு எழுத்து பின்தொடர வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

இன்னொன்று. இதை நான் அழுத்திச் சொல்கிறேன். புதுப்பெயர் உருவாக்கும் முன்னால் மலையில் இருப்பவர்களைக் கேளுங்கள். இங்கே காணிக்காரர்கள் இருக்கிறார்கள். பழனி மலையில் பளியர், நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர். சோலைக்குள்ளேயே வாழ்ந்தவர்களிடம் அந்தப் பறவைக்குப் பெயர் இருந்தால், நாம் உட்கார்ந்து யோசிக்கும் எந்தப் பெயரும் அதற்கு ஈடாகாது. ஜெர்டன்கூடத் தம் இந்தியப் பறவைகள் நூலில் தமிழ், தெலுங்குப் பெயர்களைக் கேட்டுக் குறித்திருக்கிறார். நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்கார டாக்டர் செய்ததை நாம் செய்யாமல் விடுவது நியாயமில்லை.

---

பாம்பன் கரையான்:

மலைக்காரர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது கடற்கரையிலிருந்து ஒரு வார்த்தை. இங்கே நடந்த பிரிப்பில் பிள்ளைகள் இரண்டும் ஒரே மணலில் நிற்கின்றன.

தனுஷ்கோடி, ராமேஸ்வரம் கரையிலும் உப்பளங்களிலும் வருடம் முழுக்க இருக்கும் சின்ன உப்புக்கொத்தி (ஆங்கிலத்தில் ப்ளோவர்) ஒன்று உண்டு. கெண்டிஷ் ப்ளோவரின் துணையினம் என்றே ரொம்ப நாள் வைத்திருந்தார்கள். ஹார்டெர்ட்டும் ஜாக்சனும் 1915-ல் வைத்த சீபோமி என்பது அதன் பெயர். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் இருப்பது, வலசை போகாது. 2023-ல் மரபணு, உடல் அளவு எல்லாம் பார்த்துத் தனி இனம் என்று எழுதினார்கள், அனுமன் ப்ளோவர் என்று பெயர் வைத்தார்கள். அது வாழும் இடம் ராமர் பாலத்தின் இரு கரை. பாலம் கட்ட உதவியவர் அனுமன். அதனால் அந்தப் பெயர்.

எனக்கு இந்தப் பெயர் மிகவும் பிடித்திருக்கிறது. கெண்டிஷ் என்றால் இங்கிலாந்தின் கென்ட் மாவட்டம். அங்கே அந்தப் பறவை வழக்கமாகக் கூடு கட்டுவது எப்போதோ நின்றுவிட்டது. ஆனாலும் பெயர் உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது. 2011-ல் அமெரிக்காவில் இருந்ததை ஸ்னோயி ப்ளோவர் என்று பிரித்தபோதும், இப்போது நம்முடையது பிரிந்தபோதும் அந்தப் பெயரை மாற்றவில்லை. சோலையன் சொன்ன அதே வழக்கம்தான், பரவியிருப்பது பெயரை வைத்துக்கொண்டது. எங்கள் பக்கம் அனுமன் உப்புக்கொத்தி என்று சொன்னால் கரைவலை இழுப்பவர்கூட ஒரு தடவையில் மனதில் வைத்துக்கொள்கிறார். பறவை பிழைப்பதற்கு அது உதவுகிறது. வெறும் மணலில்தான் முட்டை வைக்கும். ஜீப்பும் பைக்கும் ஓட்டுகிற இடமும் நாய்கள் திரிகிற இடமும் அதே மணல்தான். "அனுமன் முட்டை, பார்த்துப் போங்க" என்றால் வண்டியைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

பிரச்சினை பனிக்காலத்தில் வருகிறது. வடக்கேயிருந்து கெண்டிஷும் இங்கே வந்துவிடும். இரண்டும் கலந்து நிற்கும்போது தூரத்திலிருந்து பிரித்துச் சொல்வது கஷ்டம். கோடையில் கூட்டில் இருப்பதைப் பார்த்தால் அனுமன் என்று எழுதலாம். டிசம்பரில் தெளிவாகத் தெரியாவிட்டால் இரண்டில் ஒன்று என்று பொதுவாகப் பதிவு போடுங்கள், இ-பேர்டில் அதற்கு வழி உண்டு. புதுப்பெயர் வந்த ஆசையில் எல்லாவற்றையும் அனுமன் ஆக்கினால் கணக்கு கெட்டுப்போகும். கூட்டமாக வரும் லெஸ்ஸர் சாண்ட் ப்ளோவரையும் சைபீரியா, திபெத் என்று பிரித்திருக்கிறார்கள். நம் கரைக்கு வருவது பெரும்பாலும் திபெத்தியம்.

---

வன்னி மரங்கொத்தி:

வணக்கம். யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். டீச்சரின்ரை கேள்விக்கு நேரடிப் பதில் இல்லை, ஆனால் அடையாளத்தை வைத்துப் பெயர் வைப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது என்று காட்ட ஆசை.

எங்கட வீட்டுப் பனையிலும் தென்னையிலும் வரும் மரங்கொத்திக்கு முதுகு பொன்மஞ்சள். இந்தியாவில் நீங்கள் பார்க்கும் அதே பொன்முதுகு மரங்கொத்திதான். கொழும்புப் பக்கம் போனால் அதே அளவு, அதே சத்தம், ஆனால் முதுகு செக்கச் சிவப்பு. முந்தி எல்லாம் ஒரே இனம். செம்முதுகு தனி இனம் என்பதை இலங்கை ஆராய்ச்சியாளர்கள் மரபணுவையும் நிறத்தையும் வைத்து 2016-ல் தி ஆக் சஞ்சிகையில் எழுதினவை. ஆனால் இரண்டும் சந்திக்கும் நடுப் பகுதியில் கலப்பு நடக்கிறது. அங்கே முதுகு செம்மஞ்சளாக, இரண்டுக்கும் நடுவான நிறத்தில் வரும். அதை என்னவென்று எழுதுவது? பொன்முதுகா, செம்முதுகா?

என்னுடைய வழி: பொன்முதுகு மரங்கொத்தி, செம்முதுகு மரங்கொத்தி என்று இரண்டு பெயர். நடுவில் வருவதற்குப் பெயர் வைக்காமல் கலப்பு என்று மட்டும் எழுதுவது. அதற்கும் ஒரு பெயர் வைத்தால் அதுவும் ஓர் இனம் என்று பிள்ளைகள் நினைத்துவிடும்.

அனுமன் உப்புக்கொத்தி மன்னாரிலும் இருக்கிறது. ராமேஸ்வரத்துக்காரரும் நாங்களும் ஒரே பெயரைச் சொல்ல முடிகிறது என்பதில் எனக்கு நிறையச் சந்தோஷம். கரை இரண்டு, பறவை ஒன்று. பெயரும் ஒன்றாகவே இருக்கவேணும். தமிழ்நாட்டில் ஒன்று, ஈழத்தில் ஒன்று என்று தனித்தனியாகப் பெயர் வைக்காமல், வைக்கும் முன் ஒருக்கா எங்களையும் கேளுங்கோ.

---

மேல்மலை டீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. கணவாய் விஷயத்தைப் பிள்ளைகளிடம் மணலில் மலை செய்து காட்டினேன். நடுவில் பள்ளம் வெட்டியதும், "டீச்சர், அப்ப நீலகிரிப் பறவைக்கு நம்ம பறவையத் தெரியவே தெரியாதா?" என்று கேட்டாள் ஒரு பிள்ளை. தெரியாது என்றேன்.

கோதையாறு சொன்னபடி பெரியவர்களிடமும் விசாரித்தோம். இங்கே விவசாயக் குடும்பங்கள் இரண்டுக்குமே குருவி என்றுதான் சொல்கிறார்கள். பளியர் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளைகள் தாத்தா பாட்டியிடம் கேட்டு வருகிறோம் என்றிருக்கிறார்கள். அதுவரை அந்த இரண்டு படங்களுக்குக் கீழே மட்டும் இடம் விட்டு வைக்கிறேன். ஒரு சந்தேகம். அவர்கள் ஒரு பெயர் சொன்னால் பழனிச் சிரிப்பான் என்பதை விட்டுவிட வேண்டுமா? வெளியூரிலிருந்து வந்து பார்ப்பவர்களுக்குப் புரியாதே.

---

கோவைச் சோலையன்:

இரண்டையும் எழுதுங்கள். அவர்கள் சொல்லும் பெயரைப் பெரிய எழுத்தில் மேலே, பழனிச் சிரிப்பான் அடியில் சின்னதாக. கடைசி வரியில் அறிவியல் பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதிவிடுங்கள், மான்டெசின்க்லா ஃபேர்பேங்கி என்று. பேரினம் மாறினாலும் ஃபேர்பேங்கி இருக்கும் வரை யாரும் தேடிக் கண்டுபிடித்துவிடலாம். சோலைச்சிட்டுக்கு ஷோலிகோலா ஆல்பிவென்ட்ரிஸ்.

ஒரு வேண்டுகோள். பாட்டி பெயர் சொல்லும்போது பறவையை எதிரில் காட்டியோ படம் காட்டியோ கேட்கச் சொல்லுங்கள். பாட்டைப் போட்டுக் காட்டினால் இன்னும் நல்லது, சோலைச்சிட்டைக் கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்டவர்களே அதிகம். வெறும் வர்ணனையை வைத்துக் கேட்டால் அவர் வேறு பறவையை நினைத்துச் சொல்லிவிடலாம். சொன்னவர் எந்த ஊர் என்பதையும் நோட்டில் குறித்து வையுங்கள்.

கோதையாறு தம்பி, பொதிகைச் சிரிப்பான் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். இனி அப்படியே எழுதுகிறேன். சோலைச்சிட்டுக்கு மட்டும் பட்டியல்கள் ஒரு முடிவுக்கு வரட்டும், அதுவரை வெண்வயிற்றுச் சோலைச்சிட்டு, பொதிகை வகை என்று போடுவோம்.

---

மேல்கோதையாறு:

சரி அண்ணே. டீச்சர், பக்கத்துச் சுவரில் இடமிருந்தால் நான்கு சிரிப்பான்களையும் வரிசையாக வரையுங்கள். மேலே பாணாசுரம், அதற்குக் கீழே நீலகிரி, பழனி, பொதிகை. நடுவில் இரண்டு கணவாயையும் விட்டு வரைந்தால் வரைபடமே பாடமாகிவிடும். பொதிகைச் சிரிப்பானின் படம் என்னிடம் இருக்கிறது, குட்டைப் புருவம் தெளிவாகத் தெரியும். பிள்ளைகள் பார்த்து வரைய அனுப்புகிறேன். பாணாசுரச் சிரிப்பானுக்கு வயநாட்டுப் பக்கம் யாராவது உதவினால் நல்லது. அது அழியும் ஆபத்தில் உள்ள இனம், நல்ல படம் கிடைப்பது அரிது.